ஜீப் திரும்பும் இடம்

எங்க அக்கா ஓடுவா. அவ ஓட்டத்தப் பத்தி எழுதி வச்சவங்க யாருமில்ல. அதனால நான் எழுத வேண்டியிருக்கு.

பாலசமுத்திரத்துல எங்க காலனியத் தாண்டுனா மாந்தோப்பு, தென்னந்தோப்பு. அதுக்கும் மேல மலை. அம்மா தோப்புக்குக் கூலிக்குப் போவாங்க. மத்தியானம் மணி அடிச்சதும் அக்கா வீட்டுக்கு ஓடி, தூக்குச்சட்டியில கஞ்சிய ஊத்திக்கிட்டு தோப்புக்கு ஓடி, அம்மா கையில கொடுத்துட்டு, அடுத்த மணிக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு ஓடி வரணும். கஞ்சி சிந்தாம ஓடணும். அதுதான் அவளுக்குப் பயிற்சி. கோச்சும் கெடையாது, ஷூவும் கெடையாது.

அவ ஒம்பதாவது படிக்கும்போது ஒரு போட்டியில ரிலே ஜெயிச்சாங்க. நாலு பேர்ல மூணு பேர் எங்க காலனிப் புள்ளைங்க. தோட்டக்காரர் ஒருத்தர் ஜீப் கொடுத்தாரு. ஷீல்ட முன்னால வச்சு, நாலு புள்ளைங்களயும் ஏத்தி, மேளம், சரவெடியோட ஊர்வலம் கெளம்புச்சு. கடைவீதி, கோயில் வீதி எல்லாம் சுத்துச்சு. காலனிக்குத் திரும்புற முக்குல ஒரு புளியமரம் நிக்கும். அந்த மரத்தடியில ஜீப் திரும்பிருச்சு. மூணு புள்ளைங்களும் எறங்கி நடந்து வந்தாங்க. ஷீல்டு ஜீப்போட போயிருச்சு.

அம்மா வாசல்ல ஆரத்தித் தட்டோட நின்னுக்கிட்டிருந்தாங்க. எங்க தெருவே நின்னுச்சு. ‘ஜீப்பு வரலன்னா என்னடி, ஓடுன காலு வந்துருச்சில்ல’ன்னு சொல்லி அந்தச் செவப்புத் தண்ணிய அவ காலடியில ஊத்துனாங்க.

எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தோட்டக்காரர் என்று பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பழனியைச் சுற்றியுள்ள எந்தக் காலனியில் போய்க் கேட்டாலும் ஒரு புளியமரத்தையோ, ஒரு பாலத்தையோ, ஒரு மைல்கல்லையோ காட்டி ‘இதுவரைக்கும்தான் வருவாக’ என்று சொல்வார்கள். இந்தக் கட்டுரை அந்த மரத்தைப் பற்றியது. ஓட்டக்காரர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுகிற கட்டுரைகளும் அதே மரத்தடியில்தான் திரும்புகின்றன என்பதே இங்கே என் வாதம்.

2021 ஜூலை 30. டோக்கியோ ஒலிம்பிக். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் ரிலே ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு. இந்திய அணியில் ஓடிய நால்வர்: கேரளத்தின் முகமது அனஸ், மதுரை சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணி, திருச்சியின் சுபா வெங்கடேசன், லால்குடிக்குப் பக்கத்து வழுதியூரின் ஆரோக்கிய ராஜீவ். நாலில் மூன்று பேர் தமிழ்நாடு. தொலைக்காட்சி முன்னால் எங்க வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். 3 நிமிடம் 19.93 விநாடி. தகுதிச்சுற்றில் எட்டாவது இடம். அத்தோடு முடிந்தது. ‘ஏமாற்றம்’ என்று ஒரே சொல்லில் செய்தி வந்தது.

ஆனால் அதற்கு முந்தைய ஒரு மாத காலம் இந்த மூவரைப் பற்றியும், ஆண்கள் ரிலே அணிக்குத் தேர்வான ராமநாதபுரம் மாவட்டத்து நாகநாதன் பாண்டியைப் பற்றியும் தமிழ்ப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கிடைத்ததை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன். சமீபத்தில் அவற்றை வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். எழுதப்பட்டது ஒரே கட்டுரை.

அதன் அமைப்பு இதுதான். முதலில் ஒரு குடிசை அல்லது ஓட்டுவீடு. அதற்குள் ஒரு பாட்டி அல்லது அம்மா. பிறகு வெறுங்கால். அடுத்து ‘வறுமை’ என்ற சொல். பிறகு ஒரு நல்ல மனிதர் வருகிறார், அவர் பயிற்சியாளர். பிறகு ‘விடாமுயற்சி’. கடைசியில் பதக்கம், அல்லது பதக்கம் பற்றிய கனவு, அல்லது முதலமைச்சர் கொடுக்கும் காசோலை. முற்றுப்புள்ளி. சிண்ட்ரெல்லா கதையில் கண்ணாடிச் செருப்பு வருகிற இடத்தில் இங்கே ஸ்பைக்ஸ் வருகிறது. வேறு வித்தியாசமில்லை.

இந்தக் கதையாடலில் ‘வறுமை’ என்ற சொல் செய்கிற வேலையைக் கவனியுங்கள். வறுமை என்பது மழை மாதிரி, வெயில் மாதிரி, மேலேயிருந்து விழுந்த ஒன்றாகவே வரும். ‘வறுமையில் பிறந்தார்’, ‘வறுமை வாட்டியது’, ‘வறுமையை வென்றார்’. வறுமைக்கு ஒரு முகவரி கிடையாது. யாருடைய நிலத்தில் அந்தப் பாட்டி கூலிக்குப் போனாள், என்ன கூலி, அந்த நிலம் எப்படி அவர்களிடம் இருக்கிறது, இவளிடம் ஏன் இல்லை என்ற ஒரு கேள்வியும் கட்டுரைக்குள் நுழைய முடியாது. வறுமையைச் சொல்வது போலச் சொல்லி, வறுமையை உண்டாக்கியதை மறைத்துவிடுகிற எழுத்து இது. பொதுப்புத்திக்கு இது இதமாக இருக்கிறது. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். யாரும் யார் மீதும் கோபப்பட வேண்டியதில்லை.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன நால்வரும் என்ன சாதி என்று நான் இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. அவர்கள் சொல்லாததை நான் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2016இல் ரியோவில் பி.வி.சிந்து வெள்ளி வாங்கியபோது அவர் சாதி என்ன என்று இணையத்தில் தேடியவர்கள் ஏராளம் என்று செய்தி வந்தது. தன் சாதிக்காரி என்றால் கொண்டாடவும், இல்லை என்றால் விட்டுவிடவும் தேடியவர்கள் அவர்கள். அந்த வரிசையில் நாமும் போய் நிற்க வேண்டாம். நம் கேள்வி ஓடுகிறவரின் சாதி பற்றியதல்ல. அவரைப் பற்றி எழுதுகிற எழுத்தின் சாதி பற்றியது.

ஆரோக்கிய ராஜீவை எடுத்துக்கொள்வோம். 1991இல் பிறந்தவர். லாரி ஓட்டுநரின் மகன் என்பதே அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளின் முதல் வரி. அவர் என்ன செய்தார் என்பது அதற்குப் பிறகுதான், அதுவும் அரைப் பத்தியில். அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

ராணுவத்தில் சேர்ந்தார். 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில் 400 மீட்டரை 45.92 விநாடியில் ஓடி வெண்கலம். 2016 ஜூலையில் பெங்களூரில் குஞ்ஞு முகமது, அனஸ், திருப்பூர்ப் பக்கத்து தருண் அய்யாசாமி ஆகியோருடன் சேர்ந்து 4×400 ரிலேயை 3 நிமிடம் 0.91 விநாடியில் ஓடித் தேசிய சாதனை. அதைக் கொண்டுதான் ரியோ ஒலிம்பிக்குக்கு அணி போனது. ரியோவில் விதிமீறல் என்று அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது. 2017இல் புவனேசுவரத்தில் ஆசிய தடகளப் போட்டி: 400 மீட்டரில் வெள்ளி, ரிலேயில் தங்கம். அதே ஆண்டு அர்ஜுனா விருது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு: ஆண்கள் ரிலேயில் வெள்ளி. கலப்பு ரிலேயில் அனஸ், பூவம்மா, ஹிமா தாசுடன் ஓடி 3 நிமிடம் 15.71 விநாடியில் வெள்ளி. 2021 டோக்கியோ: கலப்பு ரிலேயில் எட்டாவது வந்தார்கள் என்று சொன்னேனே, அது நடந்து ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஆண்கள் ரிலேயில் அனஸ், நோவா நிர்மல் டாம், அமோஜ் ஜேக்கப்புடன் 3 நிமிடம் 0.25 விநாடி. அது ஆசிய சாதனை. அதற்கு முன் ஆசியாவிலேயே எந்த நாடும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. இருந்தும் ஒட்டுமொத்தத்தில் ஒன்பதாவது இடம். எட்டு அணிகள்தான் இறுதிக்குப் போகும். ஒரு இடத்தில் போயிற்று.

முப்பது வயதில் ஆசிய சாதனை. 2014இலிருந்து எண்ணினால் ஏழு வருசம் ஒரு உடம்பை அந்த வேகத்தில் வைத்திருந்திருக்கிறார். இது ‘வறுமையை வென்ற’ கதை அல்ல. இது உழைப்பின் கதை. ஏழு வருச உழைப்பை எழுத நம் பத்திரிகையாளர்களுக்கு மொழி இல்லை. குடிசையை எழுதத் தெரியும். லாரி ஓட்டுநரின் மகன் என்று ஒரு தரம் எழுதிவிட்டால் அதற்கப்புறம் அவர் ஆயுள் முழுக்க மகன்தான். ஓட்டக்காரர் ஆவதே இல்லை.

ஜகார்த்தா கலப்பு ரிலேக்கு ஒரு பின்கதை உண்டு. அன்று தங்கம் வென்ற பஹ்ரைன் அணியில் ஓடிய ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, அணி தகுதியிழந்தது. 2020இல் அந்தத் தங்கம் இந்திய அணிக்கு வந்தது. கொரோனாக் காலம். மேடை இல்லை, கொடி இல்லை, பாட்டு இல்லை. வெள்ளி தங்கமானது ஒரு செய்திக் குறிப்பில்.

பதக்கம் இப்படி வருகிறதென்றால், அது எப்படிப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். 2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். செங்கல் சூளைக் கூலிகளின் மகள். தலித் குடும்பம் என்பதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சில நாட்களில் ‘பாலினச் சோதனை’யில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் மருந்து சாப்பிடவில்லை. ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். உடம்பைச் சோதித்தவர்கள் முடிவை அவரிடம் சொல்வதற்கு முன்பே உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நான் சொன்ன அந்த ஒரே கட்டுரை உடைந்து நொறுங்குகிறது. குடிசை இருக்கிறது, சூளை இருக்கிறது, விடாமுயற்சி இருக்கிறது, பதக்கமும் வந்தது. ஆனால் கடைசிப் பத்தி எழுத முடியவில்லை. ‘வறுமையை வென்ற தங்க மகள்’ என்று எழுதிய பேனாக்கள் ஒரு வாரத்தில் ‘பெண்ணா?’ என்று தலைப்பு வைத்தன. அன்றைய தமிழ்நாடு அரசு அறிவித்த பரிசுப் பணத்தைத் திரும்ப வாங்காமல் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கப்புறம்? அவர் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். 2012இல் அவர் திரும்பவும் செங்கல் சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வந்தது. நிரந்தரமான பயிற்றுநர் வேலை கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே சோதனை வந்தபோது அந்த நாடே எழுந்து நின்று ‘இவள் எங்கள் மகள்’ என்றது. 2015இல் ஒடிசாவின் டுட்டீ சந்த் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் அந்த விதியை நிறுத்தி வைக்க வைத்தார். சாந்திக்காக எழுந்து நிற்க எத்தனை பேர் இருந்தோம்? தோழர்களே, இந்தக் கேள்வியை அரசைப் பார்த்து மட்டும் கேட்காதீர்கள். தலித் இதழ்கள் நடத்திய, நடத்துகிற நாமும் பதில் சொல்ல வேண்டும். கவிதைக்கும் சிறுகதைக்கும் சிறப்பிதழ் போட்டோம். ஒரு ஓட்டக்காரியின் உடம்புக்கு நடந்ததை இலக்கிய விசயமாக நாம் நினைக்கவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளச் சம்மேளனம் பெண்கள் பிரிவில் ஓடும் எல்லோருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சாந்தி மாதிரி இன்னொருத்தி எந்தக் கிராமத்திலோ இன்று காலையில் ஓடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்?

ஜெயித்தால் ‘வறுமையை வென்றவள்’. உடம்பைச் சந்தேகப்பட்டால் ‘பெண்ணா?’. தோற்றால்? அதற்கும் 2021 ஆகஸ்டில் பதில் கிடைத்தது. டோக்கியோவில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற அன்று, அணியில் ஆடிய வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால், ஹரித்வார் பக்கத்து ரோஷனாபாத்தில், வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகம் இருந்ததால்தான் தோற்றது என்று கத்தினார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் புகார். போலீஸ் வழக்கும் பதிவானது. அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் மூன்று கோல் போட்டிருந்தார். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். அந்த மூன்று கோலும் அந்த வாசலில் நின்ற வெடிச்சத்தத்தை அடக்கப் போதவில்லை. இதுவரை சாதி எங்கே, சாதி எங்கே என்று கேட்டவர்களுக்கு அது அன்று கூப்பிடாமலேயே வந்து நின்றது.

இப்போது ரேவதிக்கு வருகிறேன். அவரைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் அதிகமாக எடுத்தாளப்பட்ட சொல் ‘வெறுங்கால்’. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அவரையும் தங்கையையும் வளர்த்தது அம்மாவின் அம்மா. வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை. ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு ஓடினார். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த வெறுங்காலை ஒரு அழகாக, ஒரு காவிய அணியாக ஆக்கிய எழுத்தை நான் ஏற்க மாட்டேன். பொட்டல்காட்டில் வெறுங்காலோடு ஓடுனவன் எவனும் அதை அழகுன்னு சொல்ல மாட்டான். முள்ளு குத்துனா எங்க அக்கா எருக்கம்பாலை வச்சு, மறுநாள் நொண்டிக்கிட்டே ஓடுவா. அது அழகு இல்ல, காசு இல்ல.

கட்டுரைகள் கால்வாசி மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்த விசயம் ஒன்று உண்டு. ரேவதியைக் கண்டெடுத்த கண்ணன், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர். பாட்டி முதலில் அனுப்ப மறுத்தார். அவர் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும், விடுதியும் ஏற்பாடானது. பிறகு ரயில்வேயில் வேலை. இந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். அரசின் ஆணையம், விளையாட்டு ஒதுக்கீட்டுக் கல்லூரி இடம், விடுதிச் சோறு, ரயில்வே வேலை. ராஜீவுக்கு ராணுவம். நாகநாதனுக்குக் காவல்துறை. 2023இல் ஹாங்சோவில் ஆண்கள் ரிலே தங்கத்தின் கடைசிச் சுற்றை ஓடிய ராஜேஷ் ரமேசுக்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை. ஒருவரையும் தனிமனித விடாமுயற்சி மட்டும் ஓட வைக்கவில்லை. பொதுச்சொத்து ஓட வைத்தது. மாதச் சம்பளம் ஓட வைத்தது. நிலமில்லாதவர்களுக்கு அரசு வேலைதான் நிலம் என்று நம் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இதைச் சொன்னால் உடனே ‘அப்ப அந்தப் பொண்ணு திறமை இல்லையா?’ என்று கேட்பார்கள். திறமை எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்க அக்காவுக்கு இருந்ததும் அதே திறமைதான். அவளைத் தேடி வர ஒரு கண்ணன் இல்லை, தங்க ஒரு விடுதி இல்லை. பத்தாவதோட நின்னா. கூலிக்குப் போனா. ‘விடாமுயற்சி’ என்று எழுதுகிறவர்கள், விட்டுப்போனவர்களை எல்லாம் முயற்சியில்லாதவர்கள் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். ஒரு ரேவதியைக் காட்டி நூறு அக்காக்களைக் குற்றவாளி ஆக்குவதுதான் அந்தக் கட்டுரையின் உள்வேலை. ரயில்வே வேலையும் அரசு விடுதியும் சுருங்கச் சுருங்க, ‘விடாமுயற்சி’ என்ற சொல் மட்டும் பெருத்துக்கொண்டே போகும். கவனித்துப் பாருங்கள்.

ரிலே ஓட்டத்தையே கூட இந்த எழுத்து தப்பாகப் புரிந்துகொள்கிறது. 4×100இல் முன்னால் நிற்கிறவர் கையைப் பின்னால் நீட்டியபடியே ஓடுவார். பார்க்காமல் குச்சியை வாங்குவார். 4×400 அப்படியல்ல. குச்சி கொடுக்க வருகிறவர் நானூறு மீட்டர் ஓடிக் களைத்து, கால் பின்னிக்கொண்டு வருவார். வாங்குகிறவர் திரும்பிப் பார்த்து, அவர் வேகத்துக்குத் தன் வேகத்தை ஒத்து, அவர் கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வருகிறவர் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று பார்க்கத் தெரியாதவருக்கு அந்த ரிலே ஓடத் தெரியாது. டோக்கியோ கலப்பு ரிலேக்கு இந்தியா தகுதிபெற்றது 2019இல் தோகாவில் நடந்த உலகப் போட்டியில். அங்கே ஓடியவர்கள் அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மாத்யூ, நோவா நிர்மல் டாம். அந்த நால்வர் ஓடிப் பெற்ற இடத்தில்தான் டோக்கியோவில் ரேவதியும் சுபாவும் ராஜீவும் நின்றார்கள். டோக்கியோவில் ஓடிய சுபா 2023இல் ஹாங்சோவில் கலப்பு ரிலேயிலும் பெண்கள் ரிலேயிலும் வெள்ளி வாங்கினார். கலப்பு அணியில் அவரோடு கோவை வித்யா ராம்ராஜும் ராஜேஷ் ரமேசும். 2024இல் பாரிஸில் இந்த மூவரும் ரிலே ஓடினார்கள். ராஜீவின் கையிலிருந்து குச்சி எங்கே போனது என்று இப்படித்தான் பின்தொடர வேண்டும். தனித்தனி மனிதர்களின் வெற்றிக் கதையாக இதை எழுதினால் குச்சி பாதியிலேயே கீழே விழுந்துவிடும்.

தமிழ் சினிமாவும் இந்த விசயத்தில் ஓரளவு நகர்ந்திருக்கிறது. டோக்கியோ தொடங்குவதற்கு முந்தைய நாள், 2021 ஜூலை 22இல், பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தது. 2025இல் மாரி செல்வராஜின் ‘பைசன்’. குத்துச்சண்டைக் களத்திலும் கபடிக் களத்திலும் சாதி எப்படி நிற்கிறது என்று இவை பேசின. பத்திரிகைக் கட்டுரை மறைத்ததைத் திரை கொஞ்சம் திறந்தது. ஆனால் இரண்டிலும் ஆடுகிறவன் ஆண். எதிரியும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான், மோதலாம். ஓட்டத்தில் எதிரி உடம்பைத் தொடுவதில்லை. சோதனைச்சாலையில் இருக்கிறான், தேர்வுக்குழுவில் இருக்கிறான், ஜீப்பின் ஸ்டியரிங்கில் இருக்கிறான். அந்த எதிரியைக் காட்டும் கதை இன்னும் எழுதப்படவில்லை. எழுதப் போகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அது உங்களுக்காகக் காத்திருக்கிறது.

வெளியுலகில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். 1968 மெக்சிகோவில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கறுப்புக் கையுறையோடு முஷ்டி உயர்த்தியது எல்லோருக்கும் தெரியும். அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த லீ எவன்ஸ், லாரி ஜேம்ஸ், ரான் ஃப்ரீமன் கறுப்புத் தொப்பி அணிந்து மேடைக்கு வந்தார்கள். அந்த மூவரோடு வின்சென்ட் மாத்யூஸ் சேர்ந்து 4×400 ரிலே தங்கம். நான்கு ஆண்டுகள் கழித்து 1972 மியூனிக்கில் அதே மாத்யூசும் வெய்ன் காலட்டும் 400 மீட்டர் மேடையில் தேசியகீதத்துக்கு விறைப்பாக நிற்கவில்லை என்று ஒலிம்பிக்கிலிருந்தே தடைசெய்யப்பட்டார்கள். விளைவு, அமெரிக்காவால் அந்த ஆண்டு 4×400 அணியையே இறக்க முடியவில்லை. மேடையில் எப்படி நிற்பது என்பதும் ஓட்டத்தின் பகுதிதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமானவர் வில்மா ருடால்ஃப். அமெரிக்காவின் டென்னசி மாநிலம், கிளார்க்ஸ்வில். இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபதாவது. போலியோவால் கால் முடங்கி, கட்டை கட்டி நடந்த கறுப்புச் சிறுமி. 1956இல் மெல்போர்னில் 4×100 ரிலேயில் வெண்கலம். 1960இல் ரோமில் 100, 200, ரிலே என்று மூன்று தங்கம். ரிலே இறுதியில் குச்சி கைமாறும்போது தடுமாறி, பின்தங்கி, கடைசிச் சுற்றில் ஓடிப் பிடித்தார். நம் பத்திரிகைகளிடம் கொடுத்தால் போலியோவோடும் இருபத்திரண்டு பிள்ளைகளோடும் கட்டுரையை முடித்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. ஊர் திரும்பியபோது கிளார்க்ஸ்வில் அவருக்கு ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடு செய்தது. கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்று இருந்த ஊர் அது. வில்மா சொன்னார்: பிரித்து நடத்தினால் நான் வர மாட்டேன். 1960 அக்டோபர் 4ஆம் தேதி நடந்த அந்த ஊர்வலமும் விருந்தும்தான் அந்த ஊரின் வரலாற்றில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி.

மூன்று தங்கத்தை விட அதைத்தான் நான் பெரிய வெற்றி என்பேன். ஜீப் எங்கே திரும்ப வேண்டும் என்று ஓடியவளே சொன்னாள்.

இதை வைத்து ராஜீவும் ரேவதியும் சுபாவும் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று நான் கேட்க மாட்டேன். சம்பளத்தை நம்பி, அடுத்த தேர்வை நம்பி ஓடுகிறவர்கள் மேல் அந்தச் சுமையையும் ஏற்றுவது அநியாயம். வில்மா தனியாக நிற்கவில்லை. அவரைச் சுற்றி அந்த ஆண்டு தெற்கு மாநிலங்கள் முழுக்க உணவகங்களில் உட்கார்ந்து போராடிய மாணவர்கள் இருந்தார்கள். ஓட்டக்காரி ‘வர மாட்டேன்’ என்று சொல்ல, அவள் பின்னால் நிற்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான். எழுதுகிறவர்கள், மாணவர்கள், அமைப்பில் வேலை செய்கிறவர்கள்.

ஆகவே விமர்சகனாக நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரு ஓட்டக்காரரைப் பற்றி எழுதும்போது, குடிசையில் தொடங்காதீர்கள். அவர் ஓடிய நேரத்தில் தொடங்குங்கள். வறுமை என்று எழுதினால் அதன் முகவரியையும் எழுதுங்கள். நல்ல மனிதரை எழுதினால் அவருக்குச் சம்பளம் கொடுத்த பொதுச் சட்டத்தையும் எழுதுங்கள். பாராட்டு விழாவுக்குப் போனால் ஊர்வலம் எந்தத் தெருவரை போனது என்று நடந்து பார்த்து எழுதுங்கள். தோற்றவர்களின் வாசலுக்கும் போங்கள்.

அக்காவுக்கு இப்ப மூட்டுவலி. படி ஏற முடியாது. அவ பேத்தி அஞ்சாவது படிக்கிறா, ஓடுறா. டோக்கியோ ரிலேய டி.வி.ல பாத்துக்கிட்டிருந்தப்ப, எட்டாவதா வந்ததும் எல்லாரும் ‘ச்சே’ன்னோம். அக்கா மட்டும் ஒண்ணும் சொல்லல. ரேவதி குச்சி கொடுத்துட்டுக் கீழ குனிஞ்சு மூச்சு வாங்குறத பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா: ‘இந்தப் புள்ள ஊருக்குத் திரும்பி வரப்ப வீடு வரைக்கும் கொண்டாந்து விடுவாங்களாடா?’

எனக்குப் பதில் தெரியல. புளியமரம் இன்னும் அங்கதான் நிக்குது. ரோடு மட்டும் தார் போட்டு அகலமாக்கிட்டாங்க. ஜீப் என்ன, லாரியே உள்ள வரலாம்.